பிரேக் ஓயில் போத்தல்

தையல் மெசின் எண்ணெயின் மணம் எங்கே வந்தாலும் நான் இன்றும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். அந்த எண்ணெயை அப்பாவின் பிரேக் ஓயில் போத்தலுக்குள் ஊற்றியவன் நான்.

சண்டைக்காலம். நாவற்குடாவில் எங்கள் வளவுக்குள் அப்பா தன் பழைய வாடகைக் காரின் சில்லைக் கழற்றிவிட்டு, கசிந்துகொண்டிருந்த பிரேக் சிலிண்டரின் ரப்பரை மாற்றிக்கொண்டிருந்தார். கராஜ்கள் பூட்டிக் கிடந்தன. "ஹயர்" ஓடாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் வாகனச் சாமான் கடை வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் ராசிக் காக்கா, எங்குமே கிடைக்காத பிரேக் ஓயிலில் ஒரு போத்தலைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து என் கையில்தான் தந்தார். "சிந்திப்போடாத மனே, இனி எங்கயும் கிடையாது."

சிந்தினேன். அப்பா கை கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம் போத்தல் காலில் தட்டுப்பட்டுச் சரிந்தது. ஈர மணலைக் காலால் மூடிவிட்டு, அடிக்குப் பயந்து, அம்மாவின் தையல் மெசின் எண்ணெயால் குறையை நிரப்பினேன். இதுவும் எண்ணெய்தானே என்று நினைத்தேன்.

அதை ஊற்றிக் காரை ஓட்டத் தொடங்கி, பெடல் ஒரு மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை. ஆமிக்காரர் வாகனங்களை மறித்துச் சோதிக்கும் "சென்றி"யை அவர் கடந்திருப்பாரா என்று பள்ளிக்கூடத்தில் ஏங்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. கார் நிற்காமல் போய்த் தடைக்கட்டையில் மோதியதாம். அம்மா படலையடியில் நின்று அழுதார். நான் அழவும் பயந்து நின்றேன். பொழுதுபடும் நேரம் அப்பா நடந்து வந்தார். அங்கே நடந்ததை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. இடக்காது மட்டும் பிறகு கேட்கவேயில்லை.

காரை இழுத்து வந்து சில்லைக் கழற்றியபோது, ரப்பர் ஊறின கடலைபோல உப்பிக் கிடந்தது. வேறு எண்ணெய் பட்டால்தான் அது அப்படி ஊதும். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ராசிக் எனக்குக் கலப்படத்தத் தந்திட்டான்."

தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் போக அஞ்சத் தொடங்கிய நாட்கள் அவை; அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அது காதுக்கு எட்டி, காக்கா சுகம் விசாரிக்க ஆள் அனுப்பியபோது, படலையைத் திறக்க வேண்டாம் என்றார் அப்பா. நான் பக்கத்திலேயே நின்றேன்.

அப்பா காலமான பிறகுதான், நானும் நரைத்த பிறகுதான், காத்தான்குடிக்குப் போனேன். கண் மங்கிச் சாய்மனைக் கதிரையில் கிடந்த காக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"நான் வாங்கின இடம்தான் பிழையெண்டு இவ்வளவு காலமும் நினைச்சன் மனே. அவன்ட காது என்னாலதான் போச்சுதெண்டு." பிறகு கேட்டார்: "அவனுக்கு இது தெரியுமா?"

இல்லை என்றேன்.

காக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தேத்தண்ணி கொண்டுவந்த பேத்தியிடம், "இவர் என்ட கூட்டாளிட மகன்" என்றார்.

திரும்பும் வழியில் சென்றி இருந்த இடத்தைத் தேடினேன். தடைக்கட்டையும் இல்லை, மண்மூட்டைகளும் இல்லை. பஸ் அங்கே நிற்காமலே கடந்து போனது.