முட்டிக்கு எந்தக் கட்டம்?

மண்ணிலிருந்து நகக்கண் அளவுத் துண்டு ஒன்றை எடுத்து, கால்சட்டையில் இரண்டு தடவை தேய்த்து, நாக்கு நுனியில் வைத்துக்கொள்கிறார் டார்லா ப்ரூயிட். ஒட்டிக்கொண்டால் எலும்பு, வழுக்கினால் கல். இது ஒட்டிக்கொண்டது. புதிதாக வேலைக்கு வந்த பெண் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, நாக்கிலிருந்து துண்டை எடுக்காமலே சொல்கிறார்: "என்ன பாக்குற? ஆயிரம் வருஷமா மண்ணுல கெடந்தது. நீ காலைல தின்ன டோனட்டை விடச் சுத்தம்."

மிசூரியின் தென்கிழக்கு மூலையில் ஒரு புதிய சாலை வரவிருந்தது. சாலை போடுவதற்கு முன்னால், பழங்காலத்து மனிதர்கள் அந்த மண்ணில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று தோண்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் கம்பெனியின் வேலை. டார்லா தோண்டுகிறவர். அப்போது பதினேழு வருடமாக அதுதான் தொழில். நான் அந்தக் குழிகளுக்கு வரைபடம் போடுகிறவன். ஒன்பது வருடமாக அவர் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

டார்லா வெட்டும் குழியின் சுவர் கேக்கை வெட்டி எடுத்தது போலிருக்கும். யாராவது விளிம்பில் கால் வைத்தால், "என் சுவத்துல ஏறாத, கண்ணு. உன் எடை அதுக்குத் தெரியும்" என்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கிய கொத்துக்கரண்டியைத்தான் இன்றும் வைத்திருக்கிறார். அன்று வெற்றிலை அகலம் இருந்திருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து இப்போது மாவிலையாகிவிட்டது. இரவல் கேட்டால் காது கேட்காதவர் போலத் திரும்பிக்கொள்வார். மண்ணின் நிறத்தைச் சொல்ல அலுவலகத்தில் எண்கள் போட்ட அட்டை ஒன்று உண்டு. டார்லா அதைத் திறப்பதில்லை. "மேல காப்பி. கீழ பால் விட்ட காப்பி. அதுக்கும் கீழ வேர்க்கடலை வெண்ணெய்" என்று அவர் சொல்ல, நான்தான் எண்களைத் தேடி எழுதுவேன். ஒரு தடவைகூட அவர் சொன்னது தவறியதில்லை.

வாரத்தில் ஐந்து நாள் மோட்டலில் வாசம். டார்லா எப்போதும் கீழ்த்தளத்து அறைதான் கேட்பார். குளியலறை மேடையில் மின்சாரச் சட்டி ஒன்றில், புகை போட்ட பன்றியெலும்போடு பீன்ஸ் காலையிலிருந்தே வெந்துகொண்டிருக்கும். கம்பெனி தரும் தினப்படி நாற்பது டாலரில் ஒன்பதுக்கு மேல் செலவு செய்யமாட்டார். அந்தச் சாலை வேலைக்குத் தங்கிய மோட்டலில் கீழ்த்தளம் நிரம்பியிருந்ததால் மாடியில் இடம் கொடுத்தார்கள். அவர் படியிறங்குவதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினார்.

"முட்டியா?" என்றேன்.

"முட்டிதான். டாக்டர் இன்னும் எட்டு வருஷம் தாங்கும்னு சொல்றார். அவர் என்னை நாற்காலில உக்காந்து வேலை பாக்குறவள்னு நெனச்சுச் சொன்னாரோ என்னவோ."

சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் வாரம் அது. அன்று மாலை பீன்ஸைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். தொல்லியல் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம். உதவித்தொகை இல்லை. ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"விண்ணப்பம் போட்டதையே சொல்லலையே."

"கிடைக்காதுன்னுதான் போட்டேன். இப்ப கிடைச்சுத் தொலைச்சிருச்சு."

டார்லாவுக்கு நாற்பத்தொரு வயது. முதல் பட்டத்துக்கு வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை. இருபத்திநாலாயிரம் டாலர் வாங்கி, வேலையில்லாத குளிர்காலங்களில் தள்ளிப்போட்டு, மற்ற மாதங்களில் கட்டி, இன்னும் பத்தொன்பதாயிரம் பாக்கி நின்றது. "பதினேழு வருஷமா கட்டுறேன், வேல். வட்டி மட்டுமே ஒரு காரு. நல்ல காரு." என் முழுப்பெயர் வேல்முருகன், அவர் நாக்கு பாதியோடு நின்றுவிடும். இப்போது கட்டணம், வாடகை எல்லாம் சேர்த்து இன்னும் நாற்பத்தாறாயிரம் வாங்க வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய அக்கா ரோண்டா கூப்பிட்டார். பாப்ளர் பிளஃப் ஊரில் நாய்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறார். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. சொந்த வீடு, கடன் இல்லை. டார்லா போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசுவார்; ரோண்டாவின் குரலுக்கு அதுகூடத் தேவையில்லை.

"நாப்பத்தொரு வயசுல ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டுப் போகப்போறியாடி?"

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"நான் நாய்க்கு முடி வெட்டுறேன். இதுவரைக்கும் எந்த நாயும் எங்கிட்ட டிகிரி கேட்டதில்ல."

"எங்கிட்டக் கேக்குறாங்களே."

"அப்ப நாய் பக்கம் வந்துரு. நாளைக்கே ஏப்ரன் தர்றேன்."

மறுநாள் காலை மோட்டலின் சாப்பாட்டறையில், வாஃபிள் ரொட்டி சுடும் இயந்திரம் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்க, நான் மடிக்கணினியைத் திறந்து கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டேன். தோண்டுகிறவருக்கு மணிக்கு இருபத்தொரு டாலர். முதுகலை இருந்தால் இருபத்தெட்டு. வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் கூடும். அந்தப் பக்கம் புதுக் கடன், அதன் வட்டி, படிக்கும் இரண்டு வருடத்தில் வராத கூலி. போட்ட பணம் திரும்பி வரும்போது டார்லாவுக்கு ஐம்பத்தைந்து வயதாகியிருக்கும்.

டார்லா திரையைக் குனிந்து பார்த்தார். வரி வரியாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"முட்டிக்கு எந்தக் கட்டம்?"

"என்னது?"

"இதுல என் முட்டிய எங்க போட்டிருக்க? அம்பது வயசுக்கு அப்புறமும் நான் குழிக்குள்ள உக்காந்திருக்கற மாதிரில்ல கணக்கு ஓடுது."

சரிதான். ஐம்பது வயதுக்கு மேல் தோண்டும் கூலி பூஜ்யம் என்று ஒரு வரி சேர்த்தேன். கீழே சிவப்பாக நின்ற எண் கறுப்பாக மாறியது. அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. வாஃபிளின் மேல் பாகை ஊற்றினார். அது நான்கு மூலைக்கும் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் முட்டி சீக்கிரமா கெடணும்னு வேண்டிக்கணும். முட்டி நல்லாருந்தா நஷ்டம்."

எங்கள் குழுத் தலைவன் எமெட் லிண்ட்க்விஸ்ட் காப்பியோடு வந்து உட்கார்ந்தான். மினசோட்டாக்காரன், இருபத்தெட்டு வயது, முதுகலைக்காரன். டார்லாவைவிடப் பதின்மூன்று வயது இளையவன்; அறிக்கையில் கையெழுத்துப் போடுவது அவன். அதை நினைத்து அவனே கூச்சப்படுவான். கணக்கைப் பார்த்ததும் தலையை ஆட்டினான்.

"போகாதீங்க, டார்லா. என்னைப் பாருங்க. அறுபத்தெட்டாயிரம் கடன். உங்களைவிட மணிக்கு ஏழு டாலர் அதிகம் வாங்குறேன். அதுல அஞ்சு டாலர் கடன் கொடுத்தவங்களுக்கே போயிடுது. என் படிப்புக்கு நானே வாடகை கட்டிக்கிட்டிருக்கேன்."

"நீ போனது தப்புங்கறியா?"

"மாசத்துல இருபத்தெட்டு நாள் தப்புன்னு தோணும்" என்றான்.

பத்தாம் தேதி காலை, தோண்டும் தளத்தின் வடக்கு ஓரத்தில் டார்லா சுரண்டிக்கொண்டிருந்தபோது, பழுப்பு மண்ணில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கரிய வட்டம் தெரிந்தது. எமெட் குனிந்து பார்த்துவிட்டு, "வேர். மரம் எரிஞ்சு வேர் வெந்த இடம்" என்றான். அப்படி அங்கே நூறு இடம் பார்த்திருந்தோம்.

"இல்ல. தூண் நட்ட குழி" என்றார் டார்லா.

"எப்படிச் சொல்றீங்க?"

"கரண்டி சொல்லுது."

"கரண்டி சொல்லுச்சுன்னு நான் ரிப்போர்ட்ல எழுத முடியாதே."

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான். டார்லா கரண்டி நுனியால் அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "அதோட ஓரம்... அது வேற மாதிரி... எப்படிச் சொல்றது, வேர்னா இப்படி நிக்காது." அதற்குமேல் வரவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. எமெட் மணியைப் பார்த்தான். மண் வாரும் இயந்திரம் மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த ஓரத்துக்கு வருவதாக இருந்தது. "சரி, பாதியா வெட்டிப் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் உங்க நேரம்" என்று சொல்லிவிட்டுத் தெற்கு ஓரத்துக்குப் போனான்.

வட்டத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்து, மறுபாதியைச் சுவராக நிற்க விட்டால் உள்ளே இருப்பது குறுக்காகத் தெரியும். டார்லா முட்டிக்கு மெத்தை கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் அதைச் செய்தார். மூன்று மணிக்கு வெட்டு முடிந்தது. வேராக இருந்தால் கோணல்மாணலாகக் கிளை பிரிந்து போகும். இது நேராக இறங்கி, தட்டையான அடியோடு நின்றது. வாளியை மண்ணில் புதைத்துப் பாதியாக அறுத்த மாதிரி.

அந்த நேரத்தில் நெடுஞ்சாலை அலுவலகத்திலிருந்து தளத்துப் போனுக்கு அழைப்பு வந்தது. டார்லாதான் எடுத்தார்.

"நாளைக்கு வண்டி வரலாமா? அங்க ஏதாவது இருக்கா?"

"இருக்கு. தூண் குழி ஒண்ணு. பக்கத்துல இன்னும் இருக்கும். நிறுத்தணும்."

"நீங்க முதுகலை முடிச்சவங்களா, மேடம்?"

"பதினேழு வருஷமாத் தோண்டுறேன்."

"புரியுது மேடம். ஆனா விதிப்படி முதுகலை இருக்கறவங்க சொன்னாத்தான் நான் வண்டிய நிறுத்த முடியும். யாராவது இருக்காங்களா?"

அந்தக் குரலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. டார்லா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, உழுத வயல் வழியாக, அந்த முட்டியோடு, தெற்கு ஓரம் வரைக்கும் நடந்துபோய் எமெட்டிடம் கொடுத்தார். அவன் ஓடி வந்து வெட்டைப் பார்த்தான். "அட" என்றான். பிறகு போனில் பேசினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு நாள் கிடைத்தது.

அந்த நான்கு நாளில் பதினோரு தூண் குழிகள் கிடைத்தன. எல்லாவற்றையும் நான் வரைபடத்தில் சேர்த்தபோது ஒரு நீள்சதுரம் வந்தது. ஒரு மூலையில் அடுப்புக் கரி. யாரோ வாழ்ந்த வீடு.

பதினான்காம் தேதி மதியம், வண்டியின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எமெட் தான் எழுதிய குறிப்பை டார்லாவிடம் நீட்டினான். "நீங்க கண்டுபிடிச்சது. சரியா இருக்கான்னு பாருங்க." ஒரு பக்கம்தான். டார்லா அதை மூன்று முறை படித்தார்.

"செங்குத்தான சுவர். தட்டையான அடி. நடுவுல ஒரு நிறம், சுத்தி இன்னொரு நிறம், ஏன்னா தூணை நட்டுட்டு அள்ளிப்போட்ட மண்ணு வேற." தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "இதெல்லாம் நான் பார்த்ததுதான், எமெட். முழுக்க நான் பார்த்தது. எனக்கு ஏன் வாயில வரல? உனக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"ரெண்டாவது செமஸ்டர்" என்றான் எமெட்.

"அதுக்கு எவ்வளவு ஆச்சு?"

"பதினேழாயிரம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது டார்லாதான். சாண்ட்விச் கையிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எமெட் கேட்கவும் இல்லை.

மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார். கட்டைவிரலில் சேறு, போன் அவரை அடையாளம் காண மறுத்தது. விரலைச் சட்டையில் துடைத்து மறுபடி அழுத்தினார். ஒரு கட்டத்தைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார்.

"முடிஞ்சுது. வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றார். "வரி கட்டக் கடைசி நாளும் இன்னிக்குத்தான். எல்லா அழுகையையும் ஒரே நாள்ல வச்சிக்கலாம்."

"கணக்கு?" என்றேன்.

"கணக்கு தப்பாத்தான் வருது. தெரியும். முட்டி நல்லாருந்தா நஷ்டம், கெட்டா லாபம்னு ஒரு கணக்கு எனக்கு வேணாம். அன்னிக்கு அந்த வயல்ல போனைத் தூக்கிட்டு நடந்தேன்ல? அந்த நடை எவ்வளவு தூரம்னு நீ வரைபடத்துல அளந்து சொல்லிருவ. எனக்கு அதை இன்னொரு தடவை நடக்க இஷ்டமில்ல. அவ்வளவுதான்."

அன்று மாலை ரோண்டாவிடம் சொன்னார். போனில் ஐந்தாறு நாய்கள் குரைப்பது கேட்டது.

"லூசாடி நீ?"

"ஆமா."

"செத்துப்போறப்பவும் கடனோட சாகப்போற."

"சாகுறப்ப கட்டச் சொல்லமாட்டாங்கக்கா. விசாரிச்சுட்டேன்."

ரோண்டா நாய்களை அதட்டினார். பிறகு ரோண்டாவின் குரல் தணிந்து வந்தது. "கடையில ஒரு மேசை சும்மா கெடக்கு. டிராயர் ஒண்ணு திறக்காது. வேணும்னா வண்டி கொண்டாந்து எடுத்துட்டுப் போ."

ஆகஸ்டில் டார்லா கிளம்பினார். இப்போது முதல் ஆண்டு. காலையில் வகுப்பு, பிற்பகல் ஆய்வுக்கூடத்தில் பானை ஓடுகளைக் கழுவும் வேலை, மணிக்குப் பதின்மூன்று டாலர். வகுப்பில் மற்றவர்களுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. புள்ளியியல் பாடம் பாடாய்ப் படுத்துகிறது. முதல் கட்டுரைக்கு ஆசிரியர் சிவப்பு மையில், "இதை எப்படி அறிந்தீர்கள்?" என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தாராம். "ஏழு இடம், வேல்! கரண்டின்னு எழுத முடியலையேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்." இரண்டாவது கட்டுரையில் அது மூன்றாகக் குறைந்திருக்கிறது. கடனைப் பற்றிக் கேட்டால், "வாரத்துக்கு ஒரு நாள் பயப்படுறேன். ஞாயித்துக்கிழமை. மத்த நாள்ல நேரமில்ல" என்கிறார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர் படிக்கும் ஊர் வழியாகப் போனேன். சினிமா பார்க்கலாம் என்றார். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். டார்லாவுக்கு முப்பது வயதிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்தப் பெண் அந்த நரையைப் பார்த்துவிட்டு, மிகவும் இனிமையாக, "ஒரு முழு டிக்கெட், ஒரு சீனியர் சிட்டிசன் டிக்கெட், சரிங்களா மேடம்? சீனியருக்கு ரெண்டு டாலர் கம்மி" என்றாள்.

நான் கீழே பார்த்துக்கொண்டேன். டார்லா கோபப்படவில்லை. தோள் பையைத் திறந்தார். ஒரு சாவிக்கொத்து, ஒரு பென்சில், பாதி தின்ற ஆப்பிள் எல்லாவற்றையும் எடுத்து மேடையில் வைத்தார். அடியிலிருந்து தன் படம் போட்ட பல்கலைக்கழக மாணவர் அட்டையை எடுத்து, முகம் அந்தப் பெண்ணுக்கு நேராக இருக்கும்படி திருப்பி, ஒற்றை விரலால் அவள் பக்கம் நகர்த்தினார். அவள் படித்து முடித்துத் தலையாட்டிய பிறகும் விரலை எடுக்கவில்லை.