மூச்சு விடாமல் வாசிக்கிறவன்

போன செவ்வாய்க்கிழமை பாளையம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனேன். மடியில் துண்டில் சுற்றிய லேப்டாப்.

பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வெடக்கோழியா?"

"கம்ப்யூட்டரு. கீபோர்டு செத்துப்போச்சு."

"இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குண்ணே அது?"

நியாயமான கேள்விதானே? தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் பள்ளிக்கூடம் போகாதவன். போனில் நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுவதுதான் இந்தப் பத்தி. பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கற்றவன். நரிக்குடி, திருச்சுழி, பாலவனத்தம்... ஊர்ப்பெயர் என்றால் வேகமாக வாசிப்பேன். செய்தி என்றால் திணறிவிடுவேன்.

அதனால் வீட்டில் பேப்பர் வாசிப்பது என் மனைவி பாக்கியம். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். மழைச் செய்தி மட்டும் இரண்டு தடவை. எங்கள் பக்கம் அந்தச் செய்தி அடிக்கடி வராதே!

சர்க்கரை நோய் அவள் கண்ணை எடுத்துக்கொண்டது. கூடவே பேச்சும் போனது. சாப்பிடுறியா? "ம்." வெளியே உட்காருவோமா? "ம்." அந்த 'ம்'முக்குள்ளேயே ஒரு மனுஷி எத்தனை நாள் குடியிருப்பாள்?

மகள் ஒதுக்கிப்போட்ட லேப்டாப்பில் பாளையம்பட்டி கம்ப்யூட்டர் கடைக்காரர் செல்வம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தந்திருந்தார். கிழட்டு மிஷினிலும் ஓடுமாம். எனக்குப் பிடித்துப்போனது. நோண்டிக்கொண்டே இருப்பேன். அந்த லேப்டாப்பைத் தமிழ்ச் செய்தி வாய்விட்டு வாசிக்கவும் வைக்கலாம், ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும் என்றார்.

அவர் எழுதித் தந்த இங்கிலீஷ் எழுத்தை உருவம் பார்த்துத் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது. தட்டினேன்... திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கவிழ்த்து உதறினேன். ரெண்டு எறும்பு விழுந்தது. அப்புறம்தான் பஸ் ஏறினேன்.

செல்வம் சிரித்துவிட்டார். "பெரியப்பா, கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. அந்த எடத்துல பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது. ஆனா உள்ள போயிரும். நம்பித் தட்டிட்டு எண்டர அமுக்குங்க."

நம்பித் தட்ட வேண்டுமாம்! பாக்கியத்திடம் நான் இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருந்ததும் அப்படித்தானே?

அன்று சாயங்காலம் வீட்டில் பாஸ்வேர்டை நம்பித் தட்டி, இன்டர்நெட்டில் வந்த பேப்பர் செய்தியை ஓடவிட்டேன். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல், மழைச் செய்தியை மூச்சு விடாமல் ஒப்பித்தது.

பாக்கியம் நிமிர்ந்தாள். "யாருங்க இவன்? ஏலம் விடுறவன் மாதிரி கத்துறான்!"

"கம்ப்யூட்டரு. நமக்குப் பேப்பர் வாசிக்குது."

"இதா வாசிப்பு? மொதல்ல நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். இவ்வளவு அலைந்தும் வீணா?

"தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்னு சொல்லி, ஒரு மூச்சு விடணும்ங்க. பெறகுதான் மழைங்கணும். அப்பத்தான கேக்குறவுகளுக்கு மழ பெஞ்ச மாதிரி இருக்கும்?" அந்த வரியை அவளே வாசித்துக் காட்டினாள். பிறகு, "அடுத்ததப் போடுங்க. என்னதான் சொல்றான் பாப்போம்."

அது ஒரு வரி சொல்லும். நான் நிறுத்துவேன். அவள் அதைத் திருத்தி, பழையபடி எனக்கு வாசிப்பாள். பருத்தி விலை வரைக்கும் அன்றைக்கு விடவில்லை.

அடுத்து ஒரு திட்டம் இருக்கிறது. உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு கிடைக்கிறதாம். அதை டப்பாவில் மாட்டி, தடவினாலே தெரிகிற பெரிய பட்டன் ஒன்று வைத்தால், அவளே அமுக்கி அடுத்த வரியைக் கேட்கலாம். அது முடிந்தால், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று சொல்கிற பெட்டி... பேராசைதான்!

நேற்று செல்வம் போன் பண்ணினார். "பெரியப்பா, மனுசங்க மாதிரியே அழகா வாசிக்கிற குரல் ஒண்ணு வந்திருக்கு. போட்டுத் தரவா?"

"வேணாம்ப்பா. அழகா வாசிக்க எங்க வீட்லயே ஆளு இருக்கு."