நான் கட்டிய சரிவும் தங்கச்சி நடித்த படமும்

முத்தையாபுரம் பக்கம் எவனும் சீந்தாத தரையில் உப்பளம் போட்டேன். துறைமுகச் சாலையில் உப்பு மூட்டை அடுக்க மூன்று கிட்டங்கி கட்டினேன், மூட்டை நனைந்ததாக ஒருத்தன் சொன்னதில்லை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எதற்கும் இன்ஜினியர் வைத்ததில்லை. நடக்க முடியாத என் தங்கச்சி தங்கியிருக்கும் மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு வாசல் சரிவும் நான் போட்டதுதான்.

அதைக் கிட்டங்கியில் உப்பு மூட்டை ஏற்றும் கைவண்டிக்குப் போடுகிற சாய்விலேயே போட்டுவிட்டேன். வீல்சேரில் நேராக இறங்கினால் கவிழ்ந்துவிடும். நீட்டிக் கட்டலாமென்றால் முன்னால் ரோடு. தங்கச்சிதான் சேரைத் திருப்பி, ஓரத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கப் பழகினாள். இல்லமே அவளைப் பார்த்துப் பழகியது.

“அண்ணே, நீ மூட்டைக்குக் கெட்டுன. நாங்க மனுசங்க எறங்கப் படிச்சிட்டோம்” என்பாள்.

போன வருடம், இப்படி இல்லத்தில் வாழ்கிறவர்களைப் பற்றிப் படம் எடுக்க வந்தார்கள். தங்கச்சிக்கும் ஒரு காட்சி. அவர்கள் நீட்டிய ஒப்பந்தத் தாளை நான் படித்துப் பார்க்கவில்லை. “கையெழுத்துப் போடுளா, அண்ணன் இருக்கேம்லா” என்றேன். போட்டாள்.

படப்பிடிப்பு அன்றுதான் விஷயம் தெரிந்தது. கதாநாயகன் அவளைக் கையில் தூக்கிச் சரிவில் இறக்குவானாம், அவள் அழ வேண்டுமாம்.

“என்னத் தூக்கவா? நான் என்ன கல்யாண வீட்டு அண்டாவா? தள்ளுங்க தம்பி, நானே எறங்குதேன்.”

“ஜனங்க அழணும்லம்மா” என்றார் டைரக்டர்.

“அழுறதுக்கு அவங்க வீட்டுலயே ஆயிரம் இருக்கும்.”

கடைசியில் இரண்டு விதமாகவும் எடுத்தார்கள். எதைப் படத்தில் வைப்பார்கள் என்று சொல்லவில்லை. வண்டிகள் கிளம்பியதும் தங்கச்சி என்னைப் பார்த்தாள். “தூக்குனது வந்துச்சுன்னா, இந்த வாசல்ல நீ கால் வைக்கப்படாது.”

ஒரு வருடம் சோறு சரியாக இறங்கவில்லை.

போன மாதம் தியேட்டரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கதாநாயகன் குனிந்தான். நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். திரையில் தங்கச்சி அவன் கையை விலக்கினாள், சேரைத் திருப்பினாள், அங்குலம் அங்குலமாகப் பின்பக்கமாக இறங்கினாள். சக்கரம் தரையைத் தொட்டதும் தியேட்டரில் விசில் பறந்தது.

அவளுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கி முழுக்கக் குடித்தேன்.

“மூச்சு விடு அண்ணே. நாளைக்கு வா” என்றாள்.

கடைசியில் நன்றி என்று திரையில் பெயர்கள் ஓடின. டீ கொடுத்தவர் பெயர் வந்தது, வேன் ஓட்டியவர் பெயர்கூட வந்தது. என் பெயர் இல்லை. நான் அந்தச் சரிவை அப்படிப் போட்டிருக்காவிட்டால் அந்தக் காட்சி ஏது? இறங்கியது தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். கட்டியது யார்? படம் எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன்: டிவியில் போடுவதற்கு முன்னால் என் பெயரைச் சேருங்கள், எல்லோரும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.