மெத்தைக்காரர் தேர்ந்தெடுத்த பை

மோட்டார் சைக்கிளுக்கு சீட் தைப்பவர்களுக்கு என்று ஒரு தனிக் கர்வம் உண்டு. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ஆளைப் புரிந்துகொண்டால், இவர்கள் நைந்துபோன சீட்டைப் பார்த்தே புரிந்துகொண்டுவிடுவார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருபவன், பிரேக்கை மிதிக்கப் பயப்படுபவன், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வண்டியை எடுப்பவன் எல்லாம் ஸ்பாஞ்சில் தெரியுமாம். மெத்தைக்காரர் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். கூட்டாளிகள் கேலியாக வைத்த பெயரையே கடைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்ட மனிதர் அவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு முதுகுப்பை பெரிய தலைவலியாகிப் போனது. பை அவருக்கு இல்லை, அவர் மனைவிக்கு.

மனைவிக்குக் கல்குவாரியில் எடைமேடை வேலை. லாரி காலியாக ஏறினால் ஒரு எடை, கல்லோடு ஏறினால் ஒரு எடை. எடைச் சீட்டு எழுதி ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். ஒரு ஆள் புழங்கும் அறை அது. மேசை, நாற்காலி, காலண்டர், தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றின் மேலும் மாவு தூவியதுபோல் கல்தூசி படிந்திருக்கும். லாரி ஓட்டுநர்களுக்கு அவள் எடையக்கா. வருடக்கணக்காக இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதே லாரி, அதே அளவு கல். ஆனால் குவாரியின் வடக்குப் பக்கத்துக் கறுப்புக் கல்லை ஏற்றி வந்தால் மட்டும் எடை கூடுதலாகக் காட்டுகிறது. ஏன்? குவாரி இன்ஜினியரிடம் கேட்டாள். அவர் கையில் வேலை இருந்தது. "அதெல்லாம் படிச்சாத்தான்மா புரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவள், சரி படித்துவிட்டால் போகிறது என்று, நாற்பதைத் தாண்டிய வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போய் நிலவியல் படிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். பல்கலைக்கழகம் ஊருக்கு மறுகோடியில் இருந்தது. மதியம் வேலை முடிந்து பஸ் மாறி மாறிப் போனால், வகுப்பு முடிந்து விளக்கை அணைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். வீட்டில் இருந்த ஒரே வண்டி மெத்தைக்காரருடையது. "நீ ஓட்டப்போறியா? விழுந்து வாரப்போறே" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தன் தம்பியிடம் போய் ஒரே மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, சாவிக்குக் கையை நீட்டினாள். கொடுக்காமல் என்ன செய்வார்?

வண்டி சொன்னபடி கேட்டது. பைதான் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகம் கொண்டுபோனால் இவள் கல்லல்லவா கொண்டுபோகிறாள்! கூடவே சுத்தியல், உளி, மழைக்கோட்டு, சாப்பாடு. முதல் பைக்கு ஜிப் வாயைப் பிளந்தது. இரண்டாவது பையின் வார், பாலத்தின் மேல் போகும்போது அறுந்தது. மூன்றாவது அறுந்து தொலைக்காமல் தோளை அறுத்தது. எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் அவள் நிதானமாகச் சொன்னாள்.

"இனி ஒரே ஒரு பை பார்க்கலாங்க. அதுவும் ஒத்து வரலைன்னா இந்தப் பருவத்தோட நிறுத்திக்கறேன். காலையில தோளு வலிச்சா கணக்கு தப்பா எழுதறேன். வேலையும் போச்சுன்னா என்ன பண்றது?"

"சேச்சே, நல்ல பையா பார்ப்போம்" என்றார் மெத்தைக்காரர். வாய்தான் அப்படிச் சொன்னது. மனசின் ஒரு மூலையில், நின்றுவிட்டால் தேவலை என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்ததை அவரால் தன்னிடமே மறைத்துக்கொள்ள முடியவில்லை. அவள் படிக்கிற புத்தகத்தை ஒருநாள் திறந்து பார்த்திருந்தார். ஒரு பக்கம் தாண்டவில்லை. இவள் இப்படியே போனால் நம்மைத் தாண்டி எங்கேயோ போய்விடுவாள், நாம் இங்கேயே சீட் தைத்துக்கொண்டு நிற்போம் என்று பயமாக இருந்தது. நல்ல மனிதருக்கும் இப்படித் தோன்றத்தான் செய்கிறது.

பைக்கடை வைத்திருந்தவன் மச்சினன்தான், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அதே தம்பி. அக்காவும் மாமாவும் ஜோடியாக வந்ததும் அவனுக்குக் குஷி கிளம்பிவிட்டது. தலைக்கு மேலே தொங்கியதையெல்லாம் கொக்கியால் இறக்கிப் போட்டான். மெத்தைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார், தையலை நகத்தால் கீறினார், வாரை இரண்டு கையாலும் இழுத்தார்.

"மாமா, பை வாங்க வந்தீங்களா, நாடி பார்க்க வந்தீங்களா?"

"இந்தப் பையில எத்தனை அறைடா? குடி வச்சு வாடகை வாங்கலாம் போலிருக்கே."

"காலேஜ் பசங்க அதைத்தான் கேட்கறாங்க."

"அவங்க முதுகுல காத்துதானேடா போகுது. உங்கக்கா மலையைத் தூக்கிட்டுப் போறா."

கடைசியில் ஒன்று அவர் மனசுக்குப் பிடித்தது. சாம்பல் நிறக் கித்தான் துணி. முதுகுப் பக்கம் விறைப்பான பலகை. அகலமான வார், உள்ளே நல்ல கெட்டி ஸ்பாஞ்ச், நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கட்டுப் பட்டை. தையல் ஒவ்வொன்றும் இரட்டை. மெத்தைக்காரர் முகம் மலர்ந்துபோனது.

"போட்டுக்கிட்டு வண்டியில உக்காந்து பாரு. நின்னு பார்த்து வாங்கறவன் முட்டாள்."

கடையில் இருந்த எடைக்கற்களையும் பூட்டுகளையும் பைக்குள் போட்டு, வாசலில் நின்ற வண்டிக்குப் போனார்கள். அவர் ஏறி ஹேண்டிலைப் பிடித்தார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பையோடு பின்னால் ஏறினாள். தெருவைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"ஏங்க, முதுகுல பை இருக்கிறதே தெரியலை!"

மச்சினன் கை தட்டினான். மெத்தைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஆனால் நாளாக ஆக, அவள் வீட்டுக்குள் வருகிற தோரணையே மாறிக்கொண்டு வந்தது. யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே திரும்புவாள். கேட்டால், "பை நல்ல பைங்க. என் கழுத்துதான் சரியில்லை. வயசாகுதில்ல" என்றாள். புருஷன் ஆசையாகத் தேர்ந்தெடுத்த பையைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கடையில் பார்த்தபோது அவ்வளவு சுகமாக இருந்ததே, அப்புறம் குற்றம் உடம்பில்தானே இருக்க வேண்டும்? அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்கும் வாரம் வந்தது. வகுப்பு எடுக்கும் மேடத்திடம் நேரில் சொல்லிவிட்டு நின்றுவிடுவதாகச் சொன்னாள். சொல்லும்போது கண் கலங்கியது. மெத்தைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளில் கடையை அடைத்துவிட்டு அவரே குவாரி வாசலுக்குப் போய் நின்றார். "இன்னிக்கு நான் கொண்டுபோய் விடறேன். கழுத்தை வச்சுக்கிட்டு ஓட்டாதே." அவள் பழையபடி பின்னால் ஏறிக்கொண்டாள். பை நிறையக் கல். பாலம் தாண்டி, மரக்கடைகள் தாண்டி, நீண்ட சாலையில் வண்டி ஏறியபோது பின்னாலிருந்து சொன்னாள்.

"அதிசயமா இருக்குங்க. இன்னிக்கு வலியே இல்லை."

மெத்தைக்காரருக்குப் பொறி தட்டியது. பின்சீட்டை நினைத்தார். கல்யாணமான புதிதில் அவள் உட்காருவதற்கென்றே அரைச் சாண் உயர்த்தி அவரே தைத்த மேடு அது. அவர் தோளுக்கு மேலே அவளுக்குச் சாலை தெரிய வேண்டும் என்று ஆசை ஆசையாக உயர்த்தியது. அவள் பின்னால் உட்கார்ந்தால் பை காற்றில் சும்மா தொங்கும். முன்னால் உட்கார்ந்து ஓட்டினாலோ, பலகை வைத்த பையின் அடி மடங்காமல் அந்த மேட்டில் முட்டி நிற்கும். மேடு பையை மேலே தள்ளும், பை ஹெல்மெட்டைத் தள்ளும், ஹெல்மெட் கழுத்தைக் குனிய வைக்கும். வழி முழுக்க இதேதான். அவள் வண்டி ஓட்டி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. விடியுமுன் கிளம்பிவிடுகிறாள், இருட்டி வருகிறாள். அன்றைக்குப் பையைச் சோதித்துப் பார்க்கும்போதுகூட, ஓட்டப்போகிறவளைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு அவரல்லவா ஹேண்டிலைப் பிடித்தார்! மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கழுத்து வலி என்று அவளே நின்றுவிடுவாள். சாயங்காலமானால் பழையபடி இருவரும் ஒன்றாக டீ குடிக்கலாம். வண்டி பல்கலைக்கழக வாசலில்தான் போய் நின்றது.

பையைத் தூக்கிக்கொண்டு அவரும் மாடிக்குப் போனார். ஆய்வுக்கூடத்தில் நீள மேசைகள், பெயர் ஒட்டிய கல் பெட்டிகள், உப்புத்தாள் வாசனை. இளவட்டங்கள் "அக்கா வந்தாச்சு" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவளைவிடப் பத்து வயது சின்னவளாக இருக்கும் பேராசிரியை ஒரு நுண்ணோக்கியைக் காட்டி, "உங்க கல்லு வந்திருச்சு, வாங்க" என்றாள். போன மாதம் அவள் சுமந்து வந்த கறுப்புக் கல்லை, காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்தார்கள்.

அவள் பார்த்தாள். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு, "நீங்க பாருங்க" என்று அவரை இழுத்தாள்.

முதலில் சாம்பல்தான் தெரிந்தது. அவள் கீழே இருந்த தட்டைத் திருப்பினாள். நீலம், ஆரஞ்சு, கத்தரிப்பூ நிறம், கண்ணைப் பறிக்கும் மஞ்சள். நடுவே கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சின்னச் சின்னக் கட்டைகள். தட்டு திரும்பத் திரும்ப ஒன்று அணைந்தது, இன்னொன்று எரிந்தது. வாழ்நாளில் எத்தனையோ ரெக்சின் நிறம் பார்த்தவர். இப்படி ஒரு நிறத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

"இது... நம்ம குவாரி கல்லா?"

"வடக்குப் பக்கத்துக் கல்லுங்க. பூமிக்குள்ள உருகிக் கிடந்தது, வெடிப்பு வழியா மேல ஏறி உறைஞ்சிருக்கு. இதுல இரும்பு அதிகம். அதான் லாரி கனமா இருந்துச்சு."

"எப்போ?"

"இருநூறு கோடி வருஷம் இருக்கும்."

"அப்போ இங்க யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லைங்க. மரமே கிடையாது. புல்லுகூடக் கிடையாது."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். பார்க்க ஒரு கண்ணும் இல்லாத காலத்தில் இத்தனை நிறத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு ஒரு கல் கிடந்திருக்கிறது. தான் தைத்த சீட் இருபது வருஷம் தாங்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோமே என்று வெட்கமாக வந்தது. இதை இவள் முதுகில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்திருக்கிறாள். இவள் கேட்ட ஒரு கேள்வியால் அல்லவா அது இன்று இங்கே எரிந்துகொண்டிருக்கிறது!

"அடுத்த பருவம் கிழக்குக் குன்றுல கல் மாதிரி எடுக்கணும். நீங்க வருவீங்கல்ல?" என்று பேராசிரியை கேட்டாள்.

"மேடம், அதைப் பத்தித்தான் சொல்லணும்னு..."

"ஒரு நிமிஷம்" என்றார் மெத்தைக்காரர். மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "கோளாறு உன் கழுத்துல இல்ல. பின்சீட்டுல. நான் தச்ச மேடு பையை முட்டித் தள்ளுது. நீ முன்னாடி உக்காந்தா அப்படித்தான் ஆகும். வர்ற வழியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் முகம் மாறியது. "அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ நிறுத்த மாட்டியே."

அவள் அவரையே பார்த்தாள். இவ்வளவு நாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவள், இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"மேடம், கிழக்குக் குன்றுக்கு என் பேரை எழுதிக்கங்க" என்றாள். பிறகு அவரிடம், "கீழ வாங்க. சீட்டைக் கழட்டுங்க."

வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, ஆய்வுக்கூடத்தில் வாங்கிய கத்தியால் அவர் ரெக்சினைப் பிரித்தார். தானே ஆசையாகத் தைத்த மேட்டைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார். சீட்டின் பின்பக்கம் தட்டையாகிப் பலகைபோல் ஆனது. பையை மாட்டிவிட்டு அவளை முன்னால் ஏறச் சொன்னார். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். பை எங்கேயும் முட்டவில்லை.

"இனிமே இதுல பின்னாடி யாரும் உக்கார முடியாதே" என்றாள் அவள். "நீங்க எப்படி வீட்டுக்கு வருவீங்க?"

"பஸ்ஸு எதுக்கு இருக்கு? நீ கிளாசுக்குப் போ, நேரமாச்சு."

முதல் பஸ்ஸைத் தவறவிட்டார். இரண்டாவது வருவதற்குள் அவள் வகுப்பே முடிந்திருக்கும். அதில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நீண்ட சாலையில் பஸ் முக்கி முனகி ஏறும்போது பின்னால் பழகிய எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் எட்டிப் பார்த்தார். அவள்தான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பை முதுகோடு ஒட்டி, ஹெல்மெட்டைத் தொடாமல் நின்றது. ஜன்னலில் அவர் இருப்பது தெரியாமலே, பஸ்ஸை அலட்சியமாக முந்திக்கொண்டு போனாள். எதை நினைத்து இத்தனை நாள் பயந்தாரோ அதுவே கண்ணெதிரே நடந்தது. மெத்தைக்காரர் இருக்கையை விட்டு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் வளைவில் மறைகிறவரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார்.