பியர்பொன்ட்ஸில் ஒரு புகையில்லாத நாடு

அருமைராசா அண்ணையைக் குறை சொல்லவேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இல்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் குறை தானாக வந்துவிடுகிறது, நான் என்ன செய்ய?

மன்னாரில் பிறந்தவர். மொன்றியலுக்கு வந்து, லாசாலில் மட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பியர்பொன்ட்ஸில் சொந்த வீடும் ஒரு வான் வண்டியும் வாங்கியவர். அத்தோடு நின்றிருக்கலாம். 2007ஆம் ஆண்டு, தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எழும்பி நின்றார்.

"கொஸ்ற்றாறிக்கா எண்டு ஒரு குட்டி நாடு. அங்க ஆமியே இல்லையாம்."

எல்லோரும் கோப்பையை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். இராணுவத்துக்குத் தப்பி ஓடிவந்த எங்கள் சனத்துக்கு அந்த நாட்களில் அதைவிடப் பெரிய செய்தி வேறென்ன? ஒருவர் அங்கே அகதி விசா கொடுப்பார்களா என்றுகூடக் கேட்டார். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. தான் சொல்ல வந்தது ஆமியைப் பற்றி அல்ல, புகையைப் பற்றி என்றார். விடுகிற புகையும் காடுகள் உறிஞ்சுகிற புகையும் சரிக்குச் சரியாக வருகிற மாதிரி அந்த நாடு மாறப்போகிறதாம்.

"ஒரு நாடு செய்யேக்க ஒரு வீடு செய்யேலாதோ? இண்டையில இருந்து என்ர வீட்டில புகை இல்லை. இது எங்கட மன்னார் மடுமாதாவுக்கு நேர்த்தி."

அங்கேதான் பிழை நடந்தது. வேறு ஆட்கள் இதைக் கொள்கை என்று சொல்லியிருப்பார்கள், பிறகு மெல்ல மாற்றியும் இருப்பார்கள். மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடனை யார் மாற்றுவது?

முதலில் வானை விற்றார். வாங்கியது வேறு யாருமில்லை, லொங்குய்யில் இருந்த அவருடைய மச்சான், அதாவது அவர் மனைவி செலீன் அக்காவின் தம்பி கிறிஸ்தோப்பர். ஆக வான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் புகைவிடத் தொடங்கியது. அண்ணை இரண்டு பஸ்ஸும் ஒரு மெத்ரோவும் பிடித்து வேலைக்குப் போனார். உறைபனியிலும் போனார். பொய் சொல்லக்கூடாது, அந்த வைராக்கியம் எனக்கு வராது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்காவின் குடும்பம் பஸ்ஸுக்கு நிற்க, கிறிஸ்தோப்பர் வானில் கோயிலுக்குப் போவதா?

"அத்தான், சனம் என்னைக் காறித் துப்பும். ஏறுங்கோ!"

பெண் கொடுத்த வீட்டு ஆள் வாசலில் வந்து நின்று கூப்பிட, ஏறாமல் விட்டால் அது உறவை முறிக்கிற வேலை. அண்ணை ஏறினார். முன்பு பியர்பொன்ட்ஸிலிருந்து கோயிலுக்கு மட்டும் ஓடிய வான், இப்போது லொங்குய்யிலிருந்து பியர்பொன்ட்ஸுக்கு வந்து, கோயிலுக்குப் போய், திரும்ப அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு, வெறுமையாக ஆற்றைக் கடந்து போனது. நான் இதைச் சொல்லிக் காட்டினேன்.

"அது கிறிஸ்தோப்பரின்ர புகை. என்ர கணக்கில வராது" என்றார் அமைதியாக.

வீட்டுக்குள்ளே ஹீட்டரைக் குறைத்தார். எல்லோரும் கம்பளிச் சட்டையோடு சோறு சாப்பிட்டார்கள். மகள் றொஷினி பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, "அப்பா, இஞ்ச கரண்ட் அணைத் தண்ணியில இருந்துதானே வருது? எங்கட ஹீட்டரில புகையே இல்லை" என்றாள். அண்ணை ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எண்டாலும் நேர்த்தி நேர்த்திதான்" என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதது அடுத்த மாரியில் வந்தது. பாரிசில் இருக்கும் செலீன் அக்காவின் தங்கச்சி மகள் ஜென்சிக்குக் கலியாணம் நிச்சயமானது. அக்கா ஜென்சிக்குப் பெரியம்மா மட்டுமல்ல, ஞானத்தாயும். தங்கச்சியைக் கண்டு பன்னிரண்டு வருடம். சீலைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

"பிளேன் விடுற புகை தெரியுமோ? நாங்கள் ஒருக்காப் போய்வந்தால் இவ்வளவு நாளும் பிடிச்ச நேர்த்தி அவ்வளவும் போச்சு" என்றார் அண்ணை.

"அப்ப மன்னாரில இருந்து இஞ்ச வள்ளத்திலயோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள் அக்கா. அதற்குப் பிறகு அவள் அவரோடு கதைக்கவில்லை. தனியாகப் போவென்று அவர் சொல்லவும் இல்லை, புருசனை விட்டுவிட்டுப் போய்ச் சபையில் நிற்க அவளுக்கு மனமும் இல்லை. நான் போன ஒருநாள், குசினியில் கோப்பை கழுவியபடியே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அந்த மனுசன்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

செய்தி பாரிசுக்குப் போனது. ஜென்சி ஒரே சொல்லில் நின்றாளாம்: "பெரியம்மா இல்லாமல் நான் தாலி ஏற்க மாட்டன். அவ வரேலாட்டி நாங்கள் போவம்."

கலியாணமே மொன்றியலுக்கு மாறியது. மாப்பிள்ளை வீடு, பொம்பிளை வீடு, தோழிமார், படம் எடுக்கிறவர் எல்லாமாக முப்பத்தொரு பேர் விமானம் ஏறினார்கள்.

நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். கதவு திறந்தபடியே இருந்தது, ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். அண்ணையின் முகம் ஒவ்வொரு சூட்கேசுக்கும் ஒரு பிடி கறுத்தது. தங்கச்சிக்காரி ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் விட்ட ஒப்பாரியில் காவல்காரன் எட்டிப் பார்த்தான். என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரிக் கொள்கை உள்ள ஆக்களைக் காண்கிறது அருமை. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பேரப்பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்தையும் இஞ்சயே வைப்பம். எல்லாரும் வருவம்!"

அண்ணை அந்த முப்பத்தொரு பேரையும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார் அவசரமாக. "ஞானஸ்நானத்துக்கு நாங்கள் வாறம். நானும் செலீனும்."

"பிளேனிலயோ?" என்று கேட்டாள் அக்கா. மாதக்கணக்கில் அவள் அவரோடு கதைத்த முதல் வார்த்தை அதுதான்.

"ஓம், பிளேனிலதான். ரெண்டு பேரோட முடியட்டும்."