மேலேயா, கீழேயா

அறையில் இருந்தவர்கள் இவர்கள். டாக்டர், மெயின்லேண்டிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர், இந்தி பேசுகிறவர். என் அக்கா, போர்ட் பிளேர் டாலிகஞ்சில் வீட்டு வேலை செய்து இந்தி பழகியவள். தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு நர்ஸ். அப்புறம் நான், ரவிக்கை இல்லாமல், ஒரு பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு.

எனக்கு இடது மார்பு வளரவில்லை. வலது வளர்ந்தது. நோய் ஒன்றுமில்லை, பிறவி அப்படி.

ரவிக்கைக்குள் துணி மடித்து வைத்துக்கொள்வேன். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன். எங்கள் ஆட்கள் சிலோன் மலையிலிருந்து வந்தவர்கள். அங்கே தேயிலை, இங்கே ரப்பர். மழையில் துணி நனைந்து கனக்கும். மரத்துக்குப் பின்னால் போய்ப் பிழிந்துவிட்டு வருவேன். அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாமல் பதினாலு வருஷம் போனது.

சுனாமி வந்தது. கப்பலில் ஏற்றிப் போர்ட் பிளேர் கொண்டுவந்து முகாமில் வைத்தார்கள். பெண்கள் எல்லோருக்கும் ஒரே குழாய். குளிக்கும்போது பார்த்துவிட்டார்கள். உயிர் பிழைத்து வந்த இடத்தில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் பெயர் வைத்துவிட்டார்கள். ஒத்தச் செரட்டை. பால் பிடிக்க மரத்தில் கட்டுகிற தேங்காய் ஓடுதான் சிரட்டை.

"ஊருக்கே பால் வெட்டுறா. சாமி இவளுக்கு ஒரு பக்கந்தான் செரட்ட கட்டி வச்சிருக்கு" என்றாள் ஒருத்தி. வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் பிறகுதான் குளித்தேன்.

முகாம் முடிந்து வண்டூர் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. பெயரும் கூடவே வந்தது, பெயர் வைத்தவளும் வந்தாள். என் பங்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மரம். எனக்கு இடது கைப் பழக்கம். அங்கே இடது கையால் வெட்டுகிறவள் நான் ஒருத்திதான். அந்தக் கை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது.

கச்சால் வேலை முடிந்தபோது வந்த பணம் அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் இந்த டாக்டரிடம் வந்தோம்.

உள்ளே சிலிக்கான் பை வைக்கலாம், ஆபரேஷன் சென்னையில் என்றார். பிறகு கேட்டார்.

"மசல் கே ஊபர், யா நீச்சே?"

அக்கா என்னைப் பார்த்தாள். "மேல வைக்கவா, கீழ வைக்கவான்னு கேக்குறாரு."

"இது என்ன கேள்வி? அந்தப் பக்கம் எங்க இருக்கோ அதுக்கு நேரா வைக்கச் சொல்லு."

"அதான புள்ள. மேல வச்சா கழுத்துக்கு வந்துரும். கீழ வச்சா வயித்துக்குப் போயிரும்." டாக்டரிடம் திரும்பினாள். "பீச் மே, சாப். நடுவுல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பீச் மே?"

"ஹா சாப். பராபர் நடுவுல."

நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். அவள் தூத்துக்குடிக்காரி என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, மசல்னா சதை. கைய இழுக்குற மார்ச்சதை. அந்தச் சதைக்கு மேல வைக்கவா, அடியில வைக்கவான்னு கேக்காரு."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க எங்க என்னப் பேச விட்டீங்க?"

டாக்டர் சொல்லச் சொல்ல நர்ஸ் தமிழில் சொன்னாள். அடியில் வைத்தால் சதை மூடிக்கொள்ளும், பார்க்க இயல்பாக இருக்கும். என் தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஒன்றும் இல்லாததால் எனக்கு அதுதான் அழகு. மேலே வைத்தால் விளிம்பு தட்டுப்படும், கண்ணுக்கும் தெரியலாம். ஆனால் அடியில் வைக்கச் சதையைக் கொஞ்சம் அறுத்துத் தூக்க வேண்டும். கையை இறுக்கினால் பை நகரும்.

"கை பலம் கொறையுமா?" என்று கேட்டேன்.

என்ன வேலை என்றார். சொன்னேன். செய்து காட்டச் சொன்னார். மூலையில் குளுக்கோஸ் மாட்டுகிற கம்பி நின்றது. அதை மரமாக வைத்து, சாய்வாக இழுத்தேன். டாக்டர் என் இடது பக்கம் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். இழுக்கும்போதெல்லாம் சதை துள்ளியது.

கொஞ்சம் குறையலாம், மற்றவர்களுக்குத் தெரியாது, உன் வேலைக்குத் தெரியலாம் என்றார்.

"அழகுக்குத்தான வந்த? அடியிலயே வச்சுக்க" என்றாள் அக்கா. "வெளிம்பு தெரிஞ்சா அதுக்கும் ஒரு பேரு வச்சிருவாளுக."

பால் வெட்டும்போது கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற மரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடம் முண்டு கட்டும், பிறகு பட்டை ஒழுங்காக வளராது. எனக்குத் தெரிந்த படிப்பு அது ஒன்றுதான்.

"பட்டையோட நிக்கட்டும். மரத்தத் தொட வேணாம்" என்றேன்.

அக்காவுக்குப் புரிந்தது. இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு, "ஊபர், சாப்."

"பக்கா?"

"பக்கா."

கப்பலில் சென்னை போனோம். வைத்தார்கள். வந்தோம். ஆறு வாரம் இடது கையைத் தூக்கக் கூடாது. அக்கா தலை வாரிவிட்டாள்.

விளிம்பு இருக்கிறது. வெளிப் பக்கம் விரல் வைத்தால் தெரியும். குனிந்தால் ஒரு மடிப்பு விழும். ரவிக்கை போட்டால் ஒன்றும் இல்லை. பழைய துணி கத்தி துடைக்க ஆனது.

மூன்றாம் மாதம் டாக்டர் சரி என்றார். வேலைக்குப் போனேன். மேஸ்திரி பாதி வெட்டினால் போதும் என்றார். பெயர் வைத்தவள் பக்கத்து வரிசையில் நின்றாள்.

"ஏ செரட்ட, வந்துட்டியா? இப்ப ஒண்ணா, ரெண்டா?"

"நீயே எண்ணிக்க."

அவள் எண்ணினாள். பிறகு தன் மரத்துக்குப் போய்விட்டாள்.

நான் என் வரிசையில் ஆரம்பித்தேன். நூறு மரத்துக்கு மேல் தழும்பு இழுத்தது. நின்று தண்ணீர் குடித்தேன். கை கத்தியை இழுத்தது, பழையபடி. ஓடைப் பக்கம் கடைசி வரிசை வரை வெட்டினேன். நான் இல்லாதபோது காற்றில் என் முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு மரம் விழுந்திருந்தது.

முந்நூற்றுப் பதினொன்று.