வைக்கோல் அடைத்த டயர்

மகளின் ஓ.எல். கணிதப் பரீட்சைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, வரிப்பத்தான்சேனை வயல் பாதையில் என் மோட்டார் சைக்கிளின் பின் டயர் காற்றுப் போய்விட்டது. பின்னால் அவள் இருந்தாள். பஞ்சர் ஒட்டும் கடை நாலு கட்டைக்கு, நாலு மைலுக்கு, அப்பால். நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். இவளும் ஓ.எல். எழுதாமல் நின்றுவிடுவாளோ என்று பயந்தேன்.

வயலுக்குள் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். மெலிந்த உடம்பு, மருதோன்றி பூசிய தாடி, தலையில் துவாய்த் துண்டு. ஒன்றும் கேட்காமல் டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூப்பை உருவினார்.

"புள்ள, வைக்கல் அள்ளு!"

ஒவ்வொரு பிடிக்கும் சத்தமாக "பிஸ்மில்லாஹ்" சொல்லி டயருக்குள் திணித்தார். மகளும் சிரித்துக்கொண்டு கூடவே சொன்னாள்.

"காக்கா, வழியில டயர் கழண்டா? ரிம் வளைஞ்சா?" என்று அண்ணன் முறை வைத்து அவரிடம் கேட்டேன்.

"தம்பி, நீங்க பைக்க மட்டும் கொண்டு போங்க. பயத்த இந்த இடத்தில வெச்சிட்டுப் போங்க. மாடு தின்னாம நான் பாத்துக்கிறன்."

டயர் கல்லாக நின்றது! குலுங்கிக் குலுங்கிப் பறந்தோம். "வாப்பா, இன்னும் வேகமா!" என்று மகள் கத்தினாள். பள்ளிக்கூடக் கேற்றைச் சாத்த வந்தவரின் கைக்குக் கீழால் நுழைந்து ஓடினாள்.

பகல் மகளோடு திரும்பி வரும்போது வைக்கோலெல்லாம் ஏற்றிப் போயிருந்தார்கள். வெறும் வயல். அவர் மட்டும் பாதையோரம் வெயிலில் நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

"புள்ள, கணக்கு லேசா?"

"ஓம் மாமா, லேசு!"

துவாயை உதறித் தோளில் போட்டார். அன்றைய வேலை அப்போதுதான் முடிந்தவர் போல வீட்டுப் பக்கம் நடந்தார்.